பன்னிரண்டாவது தட்டு

அத்தியாயம் 6

"மூணு டியூப். அம்புட்டுத்தான். அதுக்குள்ளதான் என் மகன் உசுரு இருந்துச்சு."

இருளம்மாள் அழாமல் சொன்னாள். அழுது முடித்தவளின் குரல். ஆய்வுக்கூடத்து ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மிச்ச இடத்தில் உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதைப் போல.

பொன்னுத்தங்கம் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். நடுத்தட்டு காலி. போலீஸில் தலைமைக் காவலராகப் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள் அவள். இப்போது விருதுநகரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ். பாதி நாள் மாப்பிள்ளை விசாரணை, மீதி நாள் எந்த லாரியில் எந்த ஊரில் பட்டாசு லோடு குறைந்தது என்ற விசாரணை. காணாமல் போன கிருமியைத் தேடி இதுவரை அவளை யாரும் கூப்பிட்டதில்லை; இருளம்மாள்தான் முதல் ஆள்.

"அக்கா, கிருமியக் காணோம்னா நாம சந்தோஷந்தான படணும்?" என்றான் பாண்டிராஜ். ஐந்து வருடமாக அவளுடைய உதவியாளன், கார் ஓட்டி, வாய் ஓயாதவன்.

பொன்னுத்தங்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் இருளம்மாளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

வைப்பாறு பல்கலைக்கழகத்தின் உயிரறிவியல் கல்லூரி, சூலக்கரையைத் தாண்டிய பொட்டலில் இருந்தது. அதன் நுண்ணுயிரியல் பேராசிரியை இசைவாணி இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க பிள்ளைகளுக்கு இதுதான் மேடம் மொதல் செய்முறை. ஆளுக்கு ஒரு பாட்டில் குடுத்து, ஊர்ல எங்க அழுக்குத் தண்ணி இருக்கோ அங்க எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புவோம். அதுல கிருமியத் தின்கிற கிருமி இருக்கும். பேஜ்னு பேரு. அதை வடிகட்டிப் பிரிச்சு வளர்க்கணும். புத்தகத்துல படிச்சா ஒரு பக்கம். கையால செஞ்சா மூணு வாரம்."

"சரி."

"இவங்க மகன் காளீஸ்வரன் பட்டாசு ஆலை விபத்துல வெந்தவரு. ஆறு வாரமாச்சு. புண்ணுல ஒரு கிருமி ஏறிடுச்சு, எந்த மருந்துக்கும் கட்டுப்படல. டாக்டர் அந்தக் கிருமிய எங்களுக்கு அனுப்பினாரு. எங்க பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் கொண்டுவந்த பேஜையும் அதுமேல விட்டுப் பாத்தோம். முப்பத்தேழு ஒண்ணும் செய்யல. ஒண்ணே ஒண்ணு அதைக் கொன்னுச்சு."

ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். கண்ணாடித் தட்டில் பச்சை ஏடு போலக் கிருமி படர்ந்திருந்தது. நடுநடுவே பொத்தல் பொத்தலாகத் தெளிந்த இடங்கள்.

"ஒவ்வொரு பொத்தலும் பேஜ் தின்ன இடம். ஒரு பொத்தலுக்குள்ள கோடிக்கணக்குல இருக்கும். அதுல ஒண்ணு கையில இருந்தா போதும், திரும்ப வளத்துரலாம். ஆனா ஒண்ணுகூட மிஞ்சல. டியூபும் போச்சு, பிளேட்டும் போச்சு."

"கண்டுபிடிச்ச பிள்ளை யாரு?"

"வேல்விழி. தாயில்பட்டி. வியாழக்கிழமை மதியத்திலிருந்து அவளையும் காணோம். போன் ஹாஸ்டல்லயே கிடக்கு."

ஸ்டூலிலிருந்து இருளம்மாள் சொன்னாள். "முனியசாமி மக."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளே தொடர்ந்தாள்.

"என் மகன் வெந்த அதே வெடியிலதாம்மா அந்தப் பிள்ளையோட அப்பாவும் வெந்தாரு. ஒம்பதா நாள் போய்ச் சேந்துட்டாரு. வெடிமருந்தத் தப்பாக் கலந்தது என் மகன்தான்னு தாயில்பட்டியே பேசுது. அந்தப் பிள்ளை காதுலயும் விழுந்திருக்கும்ல?"

பொன்னுத்தங்கம் இசைவாணியிடம் கேட்டாள். "யாருக்கு மருந்து போகப்போகுதுன்னு வேல்விழிக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து நம்பர்தான் வரும், பேர் வராது. ஆனா..." இசைவாணியின் முகம் மாறியது. "வியாழக்கிழமை காலைல, பேஜ நோயாளிக்குக் குடுக்கலாம்னு அனுமதிக் கடிதம் வந்துச்சு. அதுல பேர் இருந்துச்சு. சந்தோஷத்துல நான்தான் லேபுல எல்லாருக்கும் முன்னாடி வாசிச்சேன்."

"அக்கா, கேஸ் முடிஞ்சுது," என்றான் பாண்டிராஜ் தணிந்த குரலில். "பேரக் கேட்டா, டியூபத் தூக்குனா, போயிட்டா. நம்ம டீ குடிக்கப் போலாம்."

பொன்னுத்தங்கம் கழுவும் தொட்டியருகே போனாள். கம்பித் தாங்கியில் மூன்று டியூப்கள் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் கண்ணாடித் தட்டுகள், அவையும் கழுவி அடுக்கியபடி. தொட்டியில் இன்னும் ப்ளீச்சிங் நெடி. மேலே சுவரில் ஒரு அட்டை: 'ப்ளீச்சிங் கரைசலில் இருபது நிமிடம். பிறகு கழுவவும். கவிழ்த்து வைக்கவும்.'

"இதைக் கழுவுனது யாரு?"

"கழுவுற அம்மா புதன்கிழமையிலிருந்து லீவு," என்ற இசைவாணி, சொல்லி முடிக்குமுன்பே தாங்கியை உற்றுப் பார்த்தாள். "இது... இதுதான் அந்த மூணு டியூப்."

"அப்ப திருட்டு இல்ல. ஊத்திட்டாங்க. ஊத்துன கை, சுவர்ல எழுதியிருக்கிறபடி கழுவிக் கவுத்தும் வச்சிருக்கு. உங்ககிட்டப் படிச்ச கைதான்."

"கொலைகாரன் கத்தியக் கழுவித் தட்டுச்சட்டியோட அடுக்கி வச்ச மாதிரி," என்றான் பாண்டிராஜ்.

பொன்னுத்தங்கம் தட்டுகளை எண்ணினாள். பதினொன்று. "வேல்விழி எத்தனை பிளேட் போட்டா?"

பதிவேட்டைப் புரட்டிய இசைவாணி, "பன்னெண்டு" என்றாள்.

"வேற என்ன காணோம்?"

அலமாரிகளைத் திறந்து மூடிப் பார்த்ததில் பத்துக் காலி பாட்டில்கள், ஒரு பெட்டி வடிகட்டி, கிருமி தடவி வைத்திருந்த புதுத் தட்டுகள் ஒரு அடுக்கு ஆகியவை இல்லையென்று தெரிந்தது.

"ஏலே பாண்டி, ஊர விட்டு ஓடுறவ எதுக்குலே பத்துக் காலி பாட்டிலத் தூக்கிட்டுப் போறா?"

பாண்டிராஜ் யோசித்தான். இந்த முறை நையாண்டி வரவில்லை. "எதையோ ரொப்பத்தான்."

"ஆமா. மறுபடி மொதல்ல இருந்து தேடுதா."

அப்படியானால் தேடும் இடம் தெரிய வேண்டும். வேல்விழியின் செய்முறை நோட்டை இசைவாணி கொண்டுவந்தாள். முத்து முத்தான கையெழுத்து. 'மாதிரி எடுத்த இடம்: தாயில்பட்டி ஊருணிக்கரை வாய்க்கால். நாள்: 14.'

"தாயில்பட்டிக்கு வண்டிய எடுக்கேன்," என்று சாவியை ஆட்டினான் பாண்டிராஜ்.

"இரு." பொன்னுத்தங்கம் இருளம்மாள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அம்மா, முனியசாமி எந்தத் தேதியில இறந்தாரு?"

"பதினஞ்சு. அமாவாசைக்கு மறுநா."

"அப்ப பதினாலாந்தேதி வேல்விழி ஊர்லயா இருந்துச்சு?"

"ஊருக்கு எங்க போச்சு? ஆஸ்பத்திரியில அவுக அப்பாவுக்கு எங்களுக்கு எதிர்க் கட்டிலு. அம்மா கெடயாது அந்தப் பிள்ளைக்கு. ஒம்பது நாளும் அங்கனயேதான் கெடந்துச்சு. டீத்தண்ணிகூட நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

பொன்னுத்தங்கம் எழுந்தாள். "நோட்டுல பொய் எழுதியிருக்கா. இடத்தை மாத்தினவளுக்குத் தேதிய மாத்தத் தோணல."

"எதுக்குப் பொய்?" என்றாள் இசைவாணி.

"ஆஸ்பத்திரிச் சாக்கடையில எடுக்கலாமா உங்க செய்முறைக்கு?"

"கூடவே கூடாது. முன்னனுமதி இல்லாம எடுத்தா மார்க்கே கிடையாது."

"அதான்."

இசைவாணி நோட்டை வாங்கித் திரும்பவும் புரட்டினாள். "அதனாலதான் அது மட்டும் வேலை செஞ்சிருக்கு. கிருமி எங்க குடியிருக்கோ அங்கதான் அதைத் தின்கிற பேஜும் இருக்கும். காளீஸ்வரன் புண்ணுக்கு அந்த வார்டுலதான் கிருமி வந்துச்சு. அந்த வார்டு சாக்கடையிலதான் அதோட எமனும் இருந்திருக்கு. இது எனக்குத் தோணியிருக்கணும்..."

இருளம்மாளின் போன் அடித்தது. அவள் காதில் வைத்தாள். "ம்... ம்..." என்றாள். வைத்துவிட்டாள்.

"பிரசர் எறங்குதாம். நாளைக்குள்ள ஏதாச்சும் செஞ்சாத்தான்னு டாக்டர் சொல்லுதாரு."

காரில் கிளம்பினார்கள். முன் ஸீட்டில் பொன்னுத்தங்கம், பின்னால் பேராசிரியை, அவள் பக்கத்தில் மடியில் கையைக் கோத்தபடி இருளம்மாள். வழியில் இரண்டு லாரிகளை முந்தும்போது பாண்டிராஜ் யாரையும் திட்டவில்லை. அவனுக்கு அது அபூர்வம்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் இருளம்மாள் மாடிப்படியில் ஏறி ஓடினாள். மற்ற மூவரும் கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். தீக்காய வார்டின் கழிவுநீர்க் குழாய் இறங்கும் சந்து அது. சாக்கடை வெள்ளை வெளேரென்று கிடந்தது. இரண்டு கரையிலும் ப்ளீச்சிங் பவுடர்.

"ரெண்டு நாளா ஒரு பொண்ணு பாட்டில் பாட்டிலா மோந்துட்டுத் திரியுது," என்றார் காவலாளி. "முனிசிபாலிட்டியில இருந்து வந்திருக்காகன்னு நெனச்சேன். அந்தா, டேங்கு நெழல்ல."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒல்லியான பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டின் ஓரமெல்லாம் சேறு. அவள் முன்னால் வெயிலில் ஒன்பது கண்ணாடித் தட்டுகள். ஒன்பதிலும் பச்சை ஏடு. ஒரு பொத்தல்கூட இல்லை.

"வேல்விழி," என்றாள் இசைவாணி.

அந்தப் பெண் எழ முயன்றாள். கால் மரத்திருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போச்சு மேம். எல்லாமே செத்துப்போச்சு. போன மாசத்திலிருந்து தெனமும் ப்ளீச்சிங் போடுறாங்களாம். எம்புட்டு எடுத்தாலும் ஒண்ணும் வரல."

பாண்டிராஜ் பொன்னுத்தங்கத்தின் காதருகே சொன்னான். "அக்கா, நான் தப்பு. இந்தப் பிள்ளையா ஊத்தியிருக்கும்? வேற எவனோ ஊத்துனதுக்கு இது வெயில்ல காயுது."

பொன்னுத்தங்கமும் அப்படித்தான் நினைத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடி. டியூப ஊத்துனது யாரும்மா? நீ பாத்தியா?"

வேல்விழி பாட்டிலை வாங்கவில்லை.

"நான்தான்."

பாண்டிராஜின் வாய் திறந்தபடி நின்றது.

"மேம் பேர வாசிச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். எல்லாரும் சாப்பிடப் போனதும் மூணையும் எடுத்து ஊத்திட்டேன். பிளேட்டயும். ஒண்ணொண்ணாக் கழுவுனேன். கை நடுங்கவே இல்ல." அவள் குரல் தட்டையாக வந்தது. "பொறகு இங்க வந்தேன். அவன் சாகுறதப் பாக்கணும்னுதான் வந்தேன். வார்டு சன்னல்கிட்ட நின்னேன். கட்டு மாத்துனாக. அவன் கத்துனான்."

அண்ணாந்து வார்டு இருந்த மாடியைப் பார்த்தாள்.

"எங்கப்பாவால கத்த முடியல. தொண்டையில குழாய் போட்டிருந்தாக. ஒம்பது நாளும் ஒரு வார்த்தை பேசல. ஆனா கட்டு மாத்துறப்ப அவரு ஒடம்பு ஒரு உதறு உதறும். அவன் கத்துறப்ப அதே மாதிரி கால் உதறுச்சு. என்னால நிக்க முடியல. ஓடிப்போயி பாட்டில் எடுத்துட்டு வந்தேன். திரும்ப எடுத்துப் பெட்டியில வச்சிட்டா யாருக்கும் தெரியாமப் போயிரும்னு நெனச்சேன்."

இசைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே வார்டிலிருந்து தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

பொன்னுத்தங்கத்துக்கு இதுபோன்ற வாக்குமூலங்கள் புதிதல்ல. வழக்கமாக இதோடு அவள் வேலை முடிந்துவிடும். இன்றைக்கு முடியவில்லை. யார் செய்தது என்று தெரிந்துவிட்டது, மேலே கிடப்பவனுக்கு அதனால் ஒரு மூச்சுகூடக் கூடப்போவதில்லை. கழுவும் தாங்கியை மனதுக்குள் மறுபடி எண்ணினாள்.

"பதினொரு பிளேட் கழுவியிருக்க. பன்னெண்டாவது எங்க?"

வேல்விழியின் கை தானாகத் தோள்பையின் மேல் போனது.

"அது... ஒண்ணுமில்ல."

"எடு."

"அது செத்திருக்கும்க்கா. ரெண்டு வாரமாச்சு. காஞ்சுபோச்சு."

"செத்ததுன்னா ஏன் அதை மட்டும் கழுவல?"

வேல்விழி பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்தாள். அதற்குள் ஓரமெல்லாம் டேப் சுற்றிய கண்ணாடித் தட்டு. பச்சை ஏடு காய்ந்து விளிம்பில் சுருங்கியிருந்தது. நடுவில் பொத்தல்கள் இல்லை. பேஜ் கரைசலைக் குச்சியால் தொட்டு எழுதிய எழுத்துகள். எழுதிய வழியெல்லாம் கிருமி செத்துத் தெளிந்து, பச்சைக்குள் கண்ணாடி போல நின்றது.

அப்பா.

"மொத மொத பேஜ் கெடச்ச அன்னைக்கு எழுதினேன். எல்லாரும் அவங்கவங்க பேர எழுதினாங்க," என்றாள் வேல்விழி. "இதைக் கழுவ முடியல."

இசைவாணி தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உள்ள ஈரம் இருக்கு."

"மேம், அழிச்சிருவீகளா?"

"அழிக்க வேண்டாம். 'ப்' மேல ஒரு புள்ளி வச்சிருக்கியே, அதை மட்டும் தோண்டி எடுத்துக்கிறேன். உசுரு இருந்தா அதுலயே இருக்கும்."

பாண்டிராஜ் ஏற்கெனவே காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இரு," என்றாள் பொன்னுத்தங்கம் வேல்விழியிடம். "மாடியில இருக்கிற அம்மாதான் உன்னத் தேடச் சொன்னாக. அவுகளுக்கு நான் பதில் சொல்லியாகணும். நான் சொல்லவா, நீ சொல்றியா?"

வேல்விழி படியேறினாள். வார்டு வாசலில் இருளம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வேல்விழி அவள் முன்னால் மண்டியிட்டுச் சொன்னாள். முழுவதையும் சொன்னாள், கை நடுங்காததையும் சேர்த்து.

இருளம்மாள் கேட்டு முடித்தாள். அவள் கை உயர்ந்தது. அடிக்கப்போகிறாள் என்று பொன்னுத்தங்கம் ஓரடி முன்னால் வைத்தாள். அந்தக் கை வேல்விழியின் தோளைப் பிடித்துத் தள்ளியது.

"போ. மொதல்ல போயி அத எடுத்துட்டு வா. வைய வேண்டியத நான் பொறகு வைதுக்கிடுதேன்."

பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இசைவாணி அந்தப் புள்ளியைத் தோண்டி எடுத்து நீரில் கரைத்தாள். காளீஸ்வரனின் கிருமியைப் புதிதாகத் தடவிய தட்டில் நாலு சொட்டு விட்டாள். பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு எதுவுமில்லை. பாண்டிராஜ் வராந்தாவில் நடந்தான். வேல்விழி ஒரு மூலையில் உட்கார்ந்து, கேட்கப்படாமலேயே ஒரு தாளில் தான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தாள். ஐந்து மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணிக்கும் இல்லை. ஆறே முக்காலுக்கு இசைவாணி தட்டை விளக்குக்கு நேரே தூக்கினாள். ஒரு இடத்தில், கடுகளவுக்கு, பச்சை மெலிந்திருந்தது.

"பாண்டி," என்றாள் பொன்னுத்தங்கம். "நீ சொல்லு, அது பொத்தல்தானா?"

"எனக்குக் கண்ணு மங்குதுக்கா," என்றான் அவன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வேற ஆளக் கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இரவெல்லாம் வளர்த்த பேஜோடு பனிக்கட்டிப் பெட்டியில் மூன்று டியூப்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. டாக்டர் புண்ணைக் கழுவிவிட்டு அதன்மேல் பேஜை ஊற்றினார். திங்கள் ஒரு மாற்றமும் இல்லை. செவ்வாய் நிலைமை மோசமானது. இருளம்மாள் அன்று சோறு தொடவில்லை. புதன் காலையில் காய்ச்சல் முதல் முறையாக நூற்றுக்குக் கீழே வந்தது.

கல்லூரி வேல்விழியை ஒரு வருடம் நிறுத்திவைத்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. தினமும் புது டியூபை இசைவாணி தயாரித்தாள். அதை யார் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது இருளம்மாள்தான் சொன்னாள்: "அந்தப் பிள்ளையே கொண்டாரட்டும்." அது மன்னிப்பா தண்டனையா என்று பொன்னுத்தங்கம் கேட்கவில்லை. அவள்தான் வேல்விழியை வண்டியில் அழைத்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை வார்டுக்குள் நுழைந்தபோது காளீஸ்வரன் கண் விழித்திருந்தான். கட்டுகளுக்கு நடுவே இரண்டு கண்களும் உதடும்தான் தெரிந்தன.

"நீ முனியசாமி அண்ணன் மகதான?"

"ஆமா."

"அன்னைக்கு ஆர்டர் அவசரம்னு நெருக்குனாங்க. வெயில்ல வச்சு மருந்தக் கலந்தது நான்தான்." மூச்சு வாங்கினான். "உங்கப்பா வேணாம்லேன்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் கேக்கல."

இருளம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பொன்னுத்தங்கம் வேல்விழியின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது.

வேல்விழி பெட்டியை நர்ஸிடம் கொடுத்தாள். கட்டிலுக்கு அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல எங்கப்பா வேற என்ன பேசுனாரு?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம. நான் தெனமும் வருவேன்."

காளீஸ்வரன் கண்ணை மூடினான். ஞாபகப்படுத்திப் பார்த்தான்.

"காலைல வந்ததும்," என்று ஆரம்பித்தான், "உன்னப் பத்தித்தான் பேசுனாரு."